கிரிக்கெட் வர்ணனையும் நான் கற்ற ஆங்கிலமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்)

ஆங்கிலம் கற்பதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. பெண்ணாகரத்திற்கு அப்பால் ஒரு சிற்றூரில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடியத் தமிழ் வழியில் படித்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். ஆங்கிலத் தாளில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதினால் ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் சிரிப்பார்கள். ஆயினும், கற்றுத் தேர்ந்தவரைவிடக் கற்றுக்கொண்டிருப்பவனுக்குத்தான் எந்த இடத்தில் கால் இடறியது என்பது நன்றாக நினைவிருக்கும். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தந்தையார் பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். சென்ட்ரிங் அடிப்பது அவர் தொழில். நான் முதலாண்டு சேர்ந்த 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் சாரத்திலிருந்து தவறி விழுந்து, அங்கேயே ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் இருந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். கையில் இரண்டு பக்கக் காகிதம். முழுவதும் ஆங்கிலம். "நீதான் பி.எஸ்சி. படிக்கிறியே சாமி, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு பாரு" என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். எழுத்துகளைக் கூட்டி ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படிக்க என்னால் முடிந்தது. படித்ததில் மருந்தின் பெயரைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. "மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லியிருக்குதுப்பா" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டேன். அம்மா அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்.

அன்று பட்ட வெட்கத்தில் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் முப்பது நாளில் ஆங்கிலம் பேச வைப்பதாகச் சொல்லும் ஒரு புத்தகம் வாங்கினேன். நான்காம் நாள் வரை படித்தேன். 'நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான்' என்று பக்கம் பக்கமாக எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. புத்தகத்தின் மீது குறையில்லை. நினைவில் ஒட்டிக்கொள்ள அந்த வாக்கியங்களுக்கு ஒரு பற்றுக்கோடு இல்லை, அவ்வளவே.

பற்றுக்கோடு கிடைத்தது வேறு திசையிலிருந்து. நம் பகுதிப் பையன்களுக்குக் கிரிக்கெட் பைத்தியம் புதிதன்று. அடுத்த மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்ற நடராஜன், வலைப்பயிற்சியில் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையே ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்றிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான இந்தியர் அவருக்கு முன் எவருமில்லை. பிரிஸ்பேன் டெஸ்டில் இந்தியா வென்ற 2021 ஜனவரி 19ஆம் நாள்தான் கொரோனாவுக்குப் பிறகு பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறந்த நாளும். அன்று பள்ளிக்கு நான் எத்தனை மணிக்குப் போனேன் என்பதை இங்கே எழுதுவது நல்லதன்று. அந்த ஆண்டு நாங்கள் எல்லோரும் தேர்வின்றியே தேறினோம். 'ஆல் பாஸ் கும்பல்' என்ற பட்டப்பெயரும் சேர்ந்தே வந்தது.

2023 அக்டோபரில் உலகக் கோப்பைப் போட்டி நம் நாட்டில் நடந்தது. இந்தியாவின் முதல் ஆட்டம் அக்டோபர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சென்னை சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. 200 ஓட்டம் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இரண்டு ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட் போயிற்று. பிறகு கோலி 85 எடுத்தார். ராகுல் 97 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். முழு ஆட்டத்தையும் தமிழ் வர்ணனையோடு பார்த்தேன். மறுநாள் நமது கல்லூரி நூலகத்தில், வேறு செய்தித்தாள் கைக்குக் கிடைக்காததால், ஆங்கிலத் தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்தேன். ஒரு பத்தி படித்தேன். இன்னொரு பத்தி படித்தேன். மணி அடித்த பிறகுதான், நான் ஆங்கிலம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

இது எப்படி நேர்ந்தது? முதல்நாள் நடந்தது முழுவதும் எனக்கு முன்பே தெரியும். மூன்று பேர் ஆட்டமிழந்தது தெரியும்; கோலி கொடுத்த பிடியை எதிரணியினர் நழுவவிட்டது தெரியும். ஆகவே 'டிராப்டு' என்ற சொல் வந்தவுடன் அதற்கு அகராதி தேவைப்படவில்லை. நழுவிய பந்து கண்முன் நின்றது. அறியாத செய்தியை அறியாத மொழியில் படிக்கும்போது இரண்டு சுமையை ஒரே தலையில் ஏற்றுகிறோம். செய்தியை முன்பே அறிந்திருந்தால் ஒரு சுமை இறங்கிவிடுகிறது. மருத்துவமனைக் காகிதத்தில் நான் இரண்டு சுமையையும் தூக்கப் பார்த்திருக்கிறேன்.

என் தந்தையார் கன்னடம் கற்ற விதமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குக் கன்னடத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் மேஸ்திரியிடம் கூலி பேசுவார். தேநீர்க்கடையில் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்வார். அவருக்கு எவரும் வினைச்சொல் வாய்பாடு நடத்தவில்லை. செங்கல்லும் மணலும் கம்பியும் எதிரே கிடந்தன. என்ன நடக்கிறது என்பது தெரிந்திருந்தது. சொற்கள் வந்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டன.

இந்த எண்ணத்தை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் நம் தென்னாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். என்.எஸ்.பிரபு என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிகளின் சில வகுப்புகளில் ஒரு திட்டம் நடத்தினார். அவ்வகுப்புகளில் இலக்கணம் தனிப்பாடமாக இல்லை. ஒரு ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எந்த வண்டியில் போனால் சீக்கிரம் சேரலாம் என்று கேட்பார்கள். ஒரு வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். மாணவனின் மனம் வண்டியைப் பிடிப்பதில் இருக்கும். மொழி பின்னாலேயே வந்து சேரும் என்பது அவர் கருத்து. பின்னர் வேறு அறிஞர்கள் வந்து தேர்வு வைத்துப் பார்த்தார்கள். இலக்கணக் கூறுகளைத் தனித்தனியே கேட்ட தேர்வில் வழக்கமான வகுப்புகளும், பொருள் புரிந்து மொழியைப் பயன்படுத்த வேண்டிய தேர்வுகளில் பெரும்பாலும் பிரபுவின் வகுப்புகளும் முன்னின்றன. எதைப் பழகினார்களோ அது வந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். ரயில் அட்டவணைக்குப் பதில் எனக்கு வாய்த்தது ஸ்கோர் அட்டவணை.

மறு ஆட்டத்திலிருந்து கைப்பேசியில் வர்ணனையை ஆங்கிலத்திற்கு மாற்றிக்கொண்டேன். முதல் இரண்டு ஆட்டங்கள் இரைச்சலாகத்தான் இருந்தன. ஆனால் கிரிக்கெட்டில் ஒரு வசதி உண்டு; வேறெந்தக் கலையிலும் இந்த வசதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஓடி வருகிறார், வீசுகிறார், அடிக்கிறார், தடுக்கிறார்கள் என்ற நான்கே செயல்கள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒருநாள் ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்து 600 பந்துகள். டெஸ்ட் என்றால் ஒரு நாளைக்கு 90 ஓவர், 540 பந்துகள். இத்தனை முறை ஒரே வாக்கியத்தைச் சலிப்பின்றி எந்த ஆசிரியரால் சொல்ல முடியும்? எந்த மாணவனால் கேட்க முடியும்?

இலக்கணத்தில் என்னைப் பல காலம் வாட்டியவை இரண்டு. ஒன்று பிரிபொசிஷன். தமிழில் 'சுவரைத் தாண்டி', 'இருவருக்கும் நடுவில்' என்று பொருளைச் சொன்ன பிறகு இடத்தைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இடத்தைக் காட்டும் சொல் முன்னே வந்துவிடுகிறது. பள்ளியில் இதை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்தேன்; தேர்வு முடிந்ததும் மறந்தேன். வர்ணனையில் பந்து தலைக்கு மேலே போனால் 'ஓவர்', ஆட்களுக்கு ஊடே புகுந்தால் 'த்ரூ', மட்டைக்கு அருகே உரசிப் போனால் 'பாஸ்ட்', இரண்டு பேருக்கு நடுவே போனால் 'பிட்வீன்', விக்கெட்டுக்குப் பின்னால் என்றால் 'பிஹைண்ட்'. பந்து போகும் வழியைக் கண் காட்டுகிறது. அந்த வழிக்குரிய சொல்லைக் காது வாங்குகிறது. 'ஓவர்' என்ற சொல்லை இப்போது கேட்டால் என் கண் தானாக மேலே பார்க்கிறது.

மற்றொன்று காலம். 'ஹேஸ் டேக்கன்' என்பதற்கும் 'டுக்' என்பதற்கும் என்ன வேறுபாடு? தமிழில் இரண்டும் 'எடுத்தார்' என்றே வருமே என்று குழம்பியிருக்கிறேன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வர்ணனையாளர் 'ஹி ஹேஸ் டேக்கன் த்ரீ விக்கெட்ஸ்' என்கிறார். கணக்கு இன்னும் மூடப்படவில்லை, நான்காவதும் விழலாம். மறுநாள் செய்தித்தாள் அதையே 'ஹி டுக் த்ரீ விக்கெட்ஸ்' என்று எழுதுகிறது. நேற்றைய ஆட்டம் முடிந்தது, கணக்கு மூடியாயிற்று. அதேபோல, பந்து வீசும் நொடியில் 'பௌல்ஸ்', 'டிரைவ்ஸ்' என்று வெட்டி வெட்டிச் சொல்வார்கள். ஆட்டமிழந்தவர் தலைகுனிந்து நடந்து போகும்போது மட்டும் 'ஈஸ் வாக்கிங் பேக்' என்று இழுப்பார்கள், நடை நீளமாயிற்றே! இந்த நுட்பம் எனக்குப் பிடிபட்ட அன்று பக்கத்தில் இருந்த நண்பனிடம் உற்சாகமாக விளக்கினேன். அவன் ஸ்கோர் என்ன என்று கேட்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொலைக்காட்சி வர்ணனையைவிட வானொலி வர்ணனை கற்பவனுக்கு நல்லது. தொலைக்காட்சியில் பந்து போவதை நாமே பார்ப்பதால், வர்ணனையாளர் அதைச் சொல்லாமல் தம் பழைய கதைகளைச் சொல்லப் போய்விடுவார். வானொலிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. கேட்பவனின் கண்ணும் அவரே. நம் மூத்த பேராசிரியர்கள் பலர் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து வளர்ந்த தலைமுறையினர். 1954–55இல் சென்னை அணி முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்த பாலு அழகண்ணன் பின்னாளில் வானொலி வர்ணனையாளராகவும் புகழ்பெற்றார். அமெரிக்க வானொலி ஒன்று 1959இலேயே ஏறத்தாழ 1500 சொற்களை மட்டும் வைத்து, நிதானமான வேகத்தில் உலகச் செய்தி வாசிக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கற்பவர்களுக்காகத் தொடங்கியது. அவர்களுக்கு வாய்த்ததைவிட நமக்கு வாய்த்தது அதிகம். 1993இல் தொடங்கிய கிரிக்இன்ஃபோ போன்ற தளங்களில் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு வரி வர்ணனையை எழுத்திலேயே போடுகிறார்கள். பெண்ணாகரம் பேருந்தில் படம் ஓடாத இடத்திலும் எழுத்து வரும்; டேட்டாவும் அதிகம் செலவாகாது. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இதைப் படிப்பது என் வழக்கம்.

கிரிக்கெட் பிடிக்காதவர்கள் என்ன செய்வது? எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் கொரியத் தொடர்களை விடாமல் பார்ப்பவர். கீழே ஆங்கில வரிகள் ஓடும். இரண்டு ஆண்டுகளில் அவருடைய வாசிப்பு வேகம் எங்கள் எல்லோரையும் விட மிகுந்துவிட்டது. ஆனால் காதில் விழுவது கொரியமொழி ஆதலால், ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிவதில் அவருக்கு அவ்வளவு முன்னேற்றமில்லை என்று அவரே சொல்கிறார். இதைப் பற்றி 2009இல் நெதர்லாந்து நாட்டில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. டச்சு மாணவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் படங்களைக் காட்டினார்கள். ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில வரிகளையே போட்டுப் பார்த்தவர்கள் அந்த உச்சரிப்பில் பிறகு கேட்ட புதிய வாக்கியங்களையும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தாய்மொழி வரிகளைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அவ்வரிகள் இடையூறாகவே இருந்தன. கண் தாய்மொழியில் இறங்கிவிட்டால் காது கதவைச் சாத்திக்கொள்கிறது போலும். நம் நாட்டிலும் பிரிஜ் கோத்தாரி என்பவர், தாம் ஸ்பானிய மொழி கற்றபோது பார்த்த ஒரு படத்திலிருந்து யோசனை பெற்று, திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரி போட்டால் எழுத்தறிவு வளருமே என்று தொலைக்காட்சியில் செய்து காட்டினார். ஆகவே ஆங்கிலப் படத்துக்கு ஆங்கில வரி. தமிழில் மொழிமாற்றம் செய்த படத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலப் படம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. பாட்டு கேட்டுக் கற்கலாம் என்பாரும் உளர். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மெட்டுக்காக அவர்கள் வாக்கியத்தை முறுக்கிவிடுகிறார்கள்.

இவ்வளவும் கேட்பதற்கும் படிப்பதற்கும். பேசுவது தனிக்கதை.

முதலாண்டு இரண்டாம் பருவத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது. செய்தி தெரியும். சொற்களும் ஓரளவு தெரியும். எழுந்து 'குட் மார்னிங்' சொன்னேன். பிறகு கரும்பலகையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம் காது பழகியும் நாக்கு பழகவில்லை. அன்று மாலை நண்பனோடு சேர்ந்து ஒரு வேலை செய்தேன். பழைய ஆட்டம் ஒன்றைக் கைப்பேசியில் ஓடவிட்டு, ஒலியை அடைத்துவிட்டு, நாங்களே வர்ணித்தோம். ஓர் ஓவர் அவன், ஓர் ஓவர் நான். பந்து வந்துகொண்டே இருப்பதால் சரியான சொல்லைத் தேடி நிற்க நேரமில்லை. தவறோ சரியோ ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

இவ்வாண்டு நமது மைதானத்தில் வேதியியல் துறைக்கும் கணிதத் துறைக்கும் நடந்த டென்னிஸ் பந்து ஆட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்தவன் அடியேன்தான் என்பது பலருக்கு நினைவிருக்கும். பந்தை நாய் ஒன்று கவ்விக்கொண்டு ஓடியபோது 'தி டாக் ஈஸ் ஃபீல்டிங் வெரி வெல், பட் ஹி ஈஸ் நாட் த்ரோயிங்' என்று நான் சொன்னதை இன்றும் சிலர் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை என்று ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரே சான்றளித்தார்.

ஆய்வுக்கூடத்திலும் இந்தப் பழக்கம் தொடர்ந்து வந்தது. ஆக்சாலிக் அமிலத்தைப் பர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும்போது என் கையை நானே மெல்லிய குரலில் வர்ணித்தேன்: 20 மி.லி. பிப்பெட்டில் எடுக்கிறேன், நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கிறேன், சூடாக்குகிறேன், பியூரெட்டைத் திறக்கிறேன், நிறம் மறைகிறது, மறைகிறது, வெளிர் சிவப்பு நிற்கிறது. பிறகு ரெக்கார்டு நோட்டில் எழுதும்போது 'ஐ டேக்' என்பது '20 எம்.எல். வாஸ் டேக்கன்' என்று ஆகிறது. பேசிவ் வாய்ஸ் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. மைதானத்தில் யார் அடித்தார் என்பது முக்கியம். பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் யார் எடுத்தாலும் 20 மி.லி. 20 மி.லி.தான், அங்கே பெயருக்கு வேலையில்லை. செய்முறைத் தேர்வில் வெளித்தேர்வாளர் இதில் ஏன் இண்டிகேட்டர் சேர்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். பர்மாங்கனேட்டின் நிறமே போதும் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். இரண்டாவதில் ஒரு தவறு இருந்தது. அவர் தலையசைத்தார்.

கிரிக்கெட் ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் போதாது. கல்லி, ஸ்லிப், கௌ கார்னர் போன்ற சொற்களை வேலை கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் என்ன செய்வது? பாடநூலும் அகராதியும் இலக்கண வகுப்பும் வேண்டியவைதாம். பயம் நீங்கிய பிறகு அவற்றைத் தொடுவது எளிதாக இருக்கிறது என்பது மட்டும் என் அனுபவம்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் ரேஷன் அட்டை தேடியபோது தகரப் பெட்டியில் அந்த மருத்துவமனைக் காகிதம் அகப்பட்டது. திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். சில மருத்துவச் சொற்களுக்கு அகராதி பார்த்தேன். மற்றவை சாதாரண வாக்கியங்கள். ஆறு வாரத்திற்குப் பாரம் தூக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும். அப்பா இருபதாம் நாளே வேலைக்குப் போய்விட்டார். மறுபடி காட்டப் போகவேயில்லை. இன்றும் குனிந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறார். அவரிடம் சொன்னேன். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "அதெல்லாமா எழுதியிருந்துச்சு?" என்றார். பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் ஒரு காகிதம் இருப்பதாகவும் அதையும் பார்த்துச் சொல்லும்படியும் சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போனார். அன்று மாலை அந்தத் திண்ணையில் மூன்று பேருடைய காகிதங்களைப் படித்துச் சொன்னேன். ஒன்றில் ஓர் இடம் விளங்கவில்லை. விளங்கவில்லை என்றே சொன்னேன்.

அடுத்த கல்வியாண்டில் துறைகளுக்கிடையேயான ஆட்டங்கள் தொடங்கும்போது வர்ணனைக்கு இன்னும் இருவர் தேவை. தமிழ் வழியில் படித்தவர்களாக இருந்தால் நலம். மாலை நான்கு மணிக்கு மேல் மைதானத்தின் வேப்பமரத்தடியில் நானும் என் நண்பனும் இருப்போம்.